மாதவிடாய் நிற்கும் வயதில் முடி கொட்டுகிறதா? எந்த வகை என்று முதலில் பாருங்கள்

45 வயதைத் தாண்டிய பெண்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படியாவது முடிக்கு வந்துவிடும். சீப்பில் கொத்தாக வருகிறது, வீடு பெருக்கினால் முடிதான் முதலில் சேருகிறது, சடை எலிவாலாகிவிட்டது, வகிடு அகலமாகத் தெரிகிறது என்பார்கள். சிலருக்கு இதோடு தலை அரிப்பு, எரிச்சல், முடியைக் கொஞ்சம் அசைத்தாலே வலி. வீட்டில் சொன்னால் "வயசாகுதுல்ல, கொட்டத்தான் செய்யும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்புறம் ஒரு எண்ணெய், அது சரிவராவிட்டால் இன்னொரு எண்ணெய், நடுவில் யாரோ சொன்ன மாத்திரை என்று ஒரு வருடம் ஓடிவிடும். எனக்கு அந்த ஒரு வருடத்தை நினைத்தால்தான் ஆதங்கம். ஏனென்றால் "மெனோபாஸ் முடி உதிர்வு" என்று நாம் சொல்வது ஒரே பிரச்சினை இல்லை. நாலைந்து தனித்தனிப் பிரச்சினைகள் அதே வயதில் வருவதால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம். அதில் சில தானாகவே சரியாகும், சிலவற்றை மருந்தால் பிடித்து நிறுத்தலாம், ஒன்று மட்டும் சீக்கிரம் கண்டுபிடிக்காவிட்டால் போன முடி திரும்பவே வராது. எந்த வகை என்று தெரியாமல் செய்கிற வைத்தியம் எல்லாம் குத்துமதிப்புதான்.

கடைசி மாதவிடாய் வந்து 12 மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால் அதை மெனோபாஸ் என்கிறோம். மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் வருவது, இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. அதற்கு முந்தைய சில வருடங்கள்தான் உண்மையில் ஆட்டம் காட்டும் காலம். ஹார்மோன் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும், தேதி தள்ளிப்போகும், இல்லாவிட்டால் மாதம் இரண்டு தடவை வரும். முடியில் மாற்றம் தெரிய ஆரம்பிப்பதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இந்த இடைக்காலமே கிடையாது, எந்த வயதாக இருந்தாலும் ஆபரேஷன் ஆன அன்றே மெனோபாஸ்தான். அதனால் அவர்களுக்கு எல்லாமே கொஞ்சம் வேகமாகவும் கடுமையாகவும் வரலாம்.

முடி எப்படி வளர்கிறது, ஏன் மெலிகிறது

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு மயிர்க்காலும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. 2 முதல் 6 வருடம் வரை வளரும், மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு. பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சி நின்றுபோகும், அப்புறம் மூன்று மாதம் போல் சும்மா இருந்துவிட்டு உதிரும், அதே இடத்தில் புது முடி கிளம்பும். எந்த நேரத்தில் பார்த்தாலும் 100 முடியில் 85, 90 முடி வளர்ந்துகொண்டிருக்கும், மீதி ஓய்வில் இருக்கும். அதனால் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை கொட்டுவது சாதாரணம். வாரம் இரண்டு நாள் மட்டும் தலைக்குக் குளிக்கிறவர்களுக்கு இடையில் தலையிலேயே சிக்கியிருந்த முடியெல்லாம் அன்றைக்கு மொத்தமாக வரும், அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

இந்த வளரும் காலத்தை நீட்டிப் பிடித்து வைத்திருப்பதில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்குப் பெரிய பங்கு உண்டு. கர்ப்பமாக இருக்கும்போது முடி அடர்த்தியாக இருந்து, பிரசவமாகி மூன்று மாதம் போல் ஆனதும் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள், அந்த மாதக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மெனோபாஸில் அதே ஈஸ்ட்ரோஜன் நிரந்தரமாகக் குறைகிறது. வளரும் காலம் சுருங்குகிறது, அதனால் முன்பு இடுப்பு வரை போன முடி இப்போது முதுகோடு நின்றுவிடுகிறது. பெண் உடம்பிலும் கொஞ்சம் ஆண் ஹார்மோன் எப்போதும் சுரந்துகொண்டுதான் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்த அளவுக்கு அது குறைவதில்லை என்பதால் அதன் கை ஓங்குகிறது. பரம்பரையாக அந்த ஹார்மோனுக்கு இளகிக்கொடுக்கிற மயிர்க்கால் உள்ளவர்களுக்கு உச்சந்தலையில் முடி மெலிகிறது. இரத்தத்தில் ஆண் ஹார்மோன் அளவு பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு நார்மலாகவே இருக்கும், அதனால் ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்றால் பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடாது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நட்ட பயிர் பட்டுப்போவது வேறு, போகத்துக்குப் போகம் சோனியாகிக்கொண்டே வருவது வேறு. பரம்பரை வகையில் நடப்பது இரண்டாவது. மயிர்க்கால் சாகவில்லை, ஒவ்வொரு சுற்றிலும் முன்னைவிட மெல்லிய, குட்டையான முடியை அனுப்புகிறது, கடைசியில் பூனைமுடி அளவுக்கு வந்து நிற்கிறது. ரொம்பச் சோனியாகிப்போன மயிர்க்காலை எழுப்புவது கஷ்டம், ஆனால் இன்னும் ஓரளவு திடமாக இருப்பதைக் காப்பாற்ற முடியும். சீக்கிரம் ஆரம்பியுங்கள் என்று தோல் மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

கொட்டுவதும் மெலிவதும் ஒன்றல்ல

பரம்பரை வகையில் கொத்தாக முடி கொட்டிப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஆனால் வகிடு கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகும், உச்சியில் வெயில் பட்டால் மண்டைத்தோல் தெரியும், ரப்பர் பேண்ட் முன்பு இரண்டு சுற்று போட்டது இப்போது மூன்று சுற்று போகும். நெற்றியோரத்து முடி மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் என்ற தோல் மருத்துவர் 1977இல் இந்த வகையை மூன்று நிலையாகப் பிரித்து எழுதினார், இன்றைக்கும் டாக்டர் சீட்டில் "லுட்விக் 1", "லுட்விக் 2" என்று எழுதியிருந்தால் அர்த்தம் இதுதான். ஆண்களைப் போல முழு வழுக்கை ஆவது பெண்களுக்கு மிக மிக அபூர்வம்.

இன்னொரு வகை திடீர் உதிர்வு. தலை முழுக்கச் சமமாக, கையால் கோதினால் கோதின கையோடு வரும். இதற்குக் காரணம் இன்றைக்கோ நேற்றோ நடந்ததாக இருக்காது, காலண்டரில் இரண்டு மூன்று மாதம் பின்னால் போய்த் தேடுங்கள். டெங்குவோ சிக்குன்குனியாவோ கொரோனாவோ வந்திருக்கும், ஒரு ஆபரேஷன் நடந்திருக்கும், பட்டினி கிடந்து எடை குறைத்திருப்பீர்கள், வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கும். அந்த அதிர்ச்சியில் ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விட்டன, ஓய்வுக்காலம் மூன்று மாதம் என்பதால் இப்போது ஒரே நேரத்தில் உதிர்கின்றன. இதில் மயிர்க்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம் விலகிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது அடங்கும், நெற்றியோரம் குட்டிக் குட்டியாகப் புது முடி நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். நீளம் பழையபடி வர மட்டும் நாளாகும். இந்த வயதில் இரண்டு வகையும் சேர்ந்தே வருவதும் உண்டு. காய்ச்சலால் கொட்டியதெல்லாம் திரும்ப வந்த பிறகும் உச்சி மட்டும் நிரம்பாமல் இருந்தால், அடியில் பரம்பரை வகை ஏற்கெனவே ஆரம்பித்திருக்கிறது என்று பொருள்.

எது நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, கொட்டின முடியை எண்ணிக்கொண்டிருப்பதைவிட வகிட்டைப் போட்டோ எடுத்து வைப்பது நல்லது. எண்ணெய் இல்லாத காய்ந்த தலையில், நடு வகிடு எடுத்து, அதே ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில், வீட்டில் யாரையாவது மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு படம் போதும். கண்ணாடியில் தினமும் பார்த்தால் பயம்தான் வளரும்.

அதிகமாகப் போகும் இரத்தமும் தைராய்டும்

நம் ஊரில் இந்த வயதுப் பெண்களுக்கு முடி கொட்டுவதற்கு ஹார்மோனுக்கு இணையான இன்னொரு காரணம் இரும்புச்சத்துக் குறைவு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. இதற்கு மேல் மெனோபாஸுக்கு முந்தைய வருடங்களில் பலருக்கு இரத்தப்போக்கு அதிகமாகிறது. கட்டி கட்டியாகப் போகும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் மாற்றுவார்கள், எட்டு பத்து நாள் நிற்காது. "நிற்கப் போகுது, அதான் இப்படிப் போகுது" என்று சொல்லிக்கொண்டு வருடக் கணக்கில் தாங்கிக்கொள்கிறார்கள். தயவுசெய்து தாங்காதீர்கள். முடிக்காக மட்டும் சொல்லவில்லை, கர்ப்பப்பையில் கட்டியோ வேறு கோளாறோ இருக்கிறதா என்று பெண்கள் மருத்துவர் பார்த்தாக வேண்டும். 12 மாதம் நின்றுபோன பிறகு ஒரே ஒரு துளி பட்டாலும் உடனே போக வேண்டும், அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்தான்" என்று விட்டுவிடக் கூடாது. உடம்பில் இரும்பு எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று காட்டுவது ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் நன்றாக இருக்கும்போதே ஃபெரிட்டின் தரைதட்டியிருக்கலாம். காய்ச்சல் இருக்கும்போது எடுத்தால் அது பொய்யாக ஏறிக் காட்டும், அதனால் உடம்பு சரியான பிறகு எடுங்கள். கூடவே தைராய்டுக்கு டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். களைப்பு, எடை ஏறுவது, மலச்சிக்கல், மறதி, முடி கொட்டுவது என்று தைராய்டு குறைவின் அறிகுறிகளில் பாதிக்கு மேல் மெனோபாஸோடு ஒத்துப்போவதால் பலருக்கு அது கண்டுபிடிக்கப்படாமலே இருக்கிறது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பி12ஐயும் சேர்த்துப் பார்க்கலாம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையும். சாப்பிடுகிற மற்ற மாத்திரைகளையும் யோசித்துப் பாருங்கள். சில பிரஷர் மாத்திரைகள், இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகள், வலிப்புக்கான வால்ப்ரோயேட், மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு தரும் லெட்ரோசோல், டாமோக்சிஃபென் எல்லாம் முடியை மெலியச் செய்யலாம். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள்.

தலை அரிப்பு, எரிச்சல், வலி

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் பலருக்கு முடி கொட்டுவதைவிட இதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஈஸ்ட்ரோஜன் குறையும்போது தோல் மெலிகிறது, எண்ணெய்ப் பசை குறைகிறது, ஈரத்தைப் பிடித்துவைக்க முடிவதில்லை. மண்டைத்தோலும் தோல்தானே. முன்பு ஒத்துக்கொண்ட ஷாம்பு இப்போது இழுத்துப் பிடிப்பது போல இருக்கும், சீயக்காய் கரகரக்கும், வெந்நீர் ஊற்றினால் அரிக்கும். நடுராத்திரியில் உடம்பு திடீரென்று சூடேறி வியர்த்துக் கொட்டுகிறவர்களுக்கு அந்த வியர்வை தலையிலேயே காய்ந்து இன்னும் உறுத்தும். இதற்கு மென்மையான, வாசனை குறைந்த ஷாம்பு, வெதுவெதுப்பான நீர், வியர்த்த மறுநாள் காலையில் தலையை அலசிவிடுவது, இவ்வளவு போதும்.

பொடுகு வேறு கதை. வறண்ட தலையில் உதிர்வது பொடிப்பொடியாக, வெள்ளையாக இருக்கும். பொடுகில் செதில் கொஞ்சம் பிசுபிசுப்பாக, மஞ்சளாக இருக்கும், புருவத்திலும் மூக்கோரத்திலும் காதுக்குப் பின்னாலும்கூட வரும். மலசேசியா என்ற ஒரு பூஞ்சை எல்லோருடைய தோலிலும் இருக்கிறது, எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. பொடுகு இருக்கும் தலையில் "வறண்டு போச்சு" என்று நினைத்து ராத்திரி எண்ணெய் ஊற்றி ஊறவைத்தால் அதற்கு விருந்து வைத்த மாதிரிதான். 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு மருந்துக்கடையில் கிடைக்கும். முடிக்கு இல்லாமல் தோலில் படும்படி தேய்த்து ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும், வாரம் இரண்டு முறை, நாலு வாரம். போட்ட உடனே கழுவிவிட்டு "இதுவும் கேட்கலை" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது டை. நரை வருவதும் இந்த வயதில்தான் என்பதால் அரிப்புக்கு டை காரணமாக இருப்பதை நாம் சந்தேகிப்பதே இல்லை. கருப்பு டைகளில் பெரும்பாலானவற்றில் பாரா ஃபினைலீன் டையமீன் என்ற பொருள் இருக்கிறது, பி.பி.டி. என்பார்கள். அதற்கு அலர்ஜி எப்போது வேண்டுமானாலும் வரலாம், 20 வருடம் போட்டவருக்கு 21ஆம் வருடத்தில்கூட. டை போட்ட ஓரிரு நாளில் நெற்றியோரம், காது, கழுத்து அரித்து, கண் இமை வீங்கினால் அதுதான். "அம்மோனியா இல்லாதது" என்று அட்டையில் போட்டிருந்தால் பி.பி.டி.யும் இல்லை என்று அர்த்தமில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலைப் படிக்க வேண்டும். ஹென்னா என்ற பெயரில் வரும் பொடி முடியைக் கன்னங்கரேலென்று ஆக்கினால் சந்தேகப்படுங்கள், வெறும் மருதாணி செம்பட்டை நிறம்தான் தரும். ஒருமுறை அலர்ஜி வந்துவிட்டால் அதை மறுபடி தொடவே கூடாது, அடுத்த முறை இன்னும் கடுமையாக வரும். இதே போல வகிட்டில் வைக்கிற குங்குமமும். இரசாயனச் சாயம் கலந்த குங்குமத்தால் வகிட்டின் முன்பகுதி மட்டும் கருத்து, அரித்து, அந்த இடத்தில் முடி குறையலாம். ஒரு மாதம் வகிட்டில் வைக்காமல் விட்டுப் பாருங்கள், விஷயம் தெரிந்துவிடும்.

பேரன் பேத்தியோடு படுக்கிறவர்கள் பேனையும் மறக்க வேண்டாம். பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் அரித்தால் முதலில் பேன்சீப்பை எடுங்கள்.

வலிக்கு வருவோம். முடியை வேறு பக்கம் வாரினாலே வேர் வலிக்கிறது, தலையணையில் பட்டால் கூசுகிறது என்பார்கள். முடி அதிகமாகக் கொட்டும் காலத்தில் இப்படி வருவது மருத்துவத்தில் தெரிந்த விஷயம், மனப்பிரமை இல்லை, முடி கொட்டுவது அடங்கினால் இதுவும் அடங்கும். அதுவரை இறுக்கமான கொண்டை, கனமான கிளிப் வேண்டாம். ஆனால் தலையில் ஒரு பக்கம் மட்டும், நெற்றி வரைக்கும் நெருப்பாக எரிந்து, பிறகு கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. குயவரிடம் போய் காவியால் அக்கி எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பிப்பதுதான் நல்லது, கண் பக்கம் வந்தால் பார்வைக்கே ஆபத்து.

இனி, சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்று முதலில் சொன்னது. மெனோபாஸ் ஆன பெண்களுக்கு வருகிற, மயிர்க்கால் அழிந்து தழும்பாகிவிடும் ஒரு முடி உதிர்வு வகை இது, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கோசார்ட் என்ற மருத்துவர் 1994இல் இதை முதன்முதலாக விவரித்தார். நெற்றியோர முடி ஒரு பட்டையாகப் பின்வாங்கும், நெற்றி பெரிதாகிக்கொண்டே போகும், புருவமும் மெலியும், சிலருக்குப் புருவம்தான் முதலில் போகும். முடி கிளம்பும் இடத்தைச் சுற்றிச் சிவப்பும் சின்னச் செதிலும் இருக்கும், அரிக்கும், எரியும். தோல் வழவழவென்று ஆகி அங்கே மயிர்க்கால் துளையே தெரியாமல் போய்விட்டால் அந்த இடத்தில் முடி இனி வராது. மருந்தால் செய்ய முடிவது இது மேலும் பரவாமல் தடுப்பதுதான், அதனால் சந்தேகம் வந்தால் மாதக் கணக்கில் பொறுத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஒரு சின்னத் துண்டுத் தோல் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று சொன்னால் பயப்பட ஒன்றுமில்லை.

எண்ணெய், மாத்திரை, மினாக்ஸிடில்

எண்ணெயை நான் குறை சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று இந்திய ஆராய்ச்சியாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. குளிப்பதற்கு முன்னால் முடியின் நீளத்துக்குத் தடவினால் உடைவது குறையும், சிக்கு விழாது. அவ்வளவுதான் அதன் வேலை. வேரில் நடக்கிற ஹார்மோன் மாற்றத்தை எந்த எண்ணெயும் மாற்றாது, அதில் கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சினாலும் சரி, 108 மூலிகை என்று விளம்பரம் செய்தாலும் சரி. பழனியில் மொட்டை போட்டு வந்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் இப்படித்தான். மழித்த முடி முனை மழுங்கி வளர்வதால் தடிமனாகத் தோன்றும், மயிர்க்காலின் எண்ணிக்கை மாறாது. வேண்டுதலுக்குப் போடுவது வேறு.

பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரைக்கு நிறையப் பேர் பணம் செலவழிக்கிறார்கள். பயோட்டின் குறைபாடு அபூர்வம், குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்க்கும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை. அதைவிட முக்கியம், அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும் மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோப்போனின் பரிசோதனையையும் தவறாகக் காட்ட வைக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பதற்கு முன் இதைச் சாப்பிடுவதை டாக்டரிடமும் லேபிலும் சொல்லிவிடுங்கள்.

பரம்பரை வகைக்கு உறுதியான ஆதாரம் உள்ள மருந்து மினாக்ஸிடில். முதலில் இரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை அது, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெங்கும் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் பெண்களுக்கு 2 சதவீதக் கரைசல் 1991இலும், 5 சதவீத நுரை 2014இலும் அனுமதி பெற்றன. கரைசல் என்றால் ஒரு தடவைக்கு ஒரு மில்லி, காய்ந்த தலையில் வகிடு எடுத்துத் தோலில் விட்டு, பக்கத்தில் இன்னொரு வகிடு எடுத்து அங்கே கொஞ்சம் விட்டு, விரலால் பரப்பிவிட்டுக் கையை நன்றாகக் கழுவ வேண்டும். எண்ணெய் மேல் போட்டால் உள்ளே போகாது. ராத்திரி படுக்கும் நேரத்தில் போட்டு உடனே படுத்தால் தலையணையில் பட்டு முகத்தில் ஒட்டும், அப்புறம் கன்னத்தில் முடி வளரும், அதனால் இரண்டு மணி நேரம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் கவனம், இந்த மருந்து பூனைகளுக்குக் கொடிய விஷம்.

ஆரம்பித்த முதல் சில வாரங்களில் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டலாம். பாதிப் பேர் பயந்து விட்டுவிடுவது இங்கேதான். ஓய்வில் இருந்த பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புது முடி கிளம்புவதால் வருவது அது, தொடர்ந்தால் அடங்கும். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும், முழுசாகச் சொல்ல ஒரு வருடம் வேண்டும். நிறுத்தினால் சில மாதங்களில் கிடைத்தது போய்விடும், ஆக இது பிரஷர் மாத்திரை மாதிரி தொடர்ந்து போட வேண்டிய மருந்து. இதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். கரைசல் போட்டு அரித்தால் பெரும்பாலும் அதில் உள்ள புரொப்பிலீன் கிளைக்கால்தான் காரணம், அது இல்லாத நுரை வகைக்கு மாறலாம். இப்போது மினாக்ஸிடிலை மிகக் குறைந்த அளவு மாத்திரையாகவும் தோல் மருத்துவர்கள் தருகிறார்கள், ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரையையும் சிலருக்குத் தருகிறார்கள். இரண்டுமே இரத்த அழுத்தத்தைத் தொடுகிற மருந்துகள், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடவே கூடாது. மாதவிடாய் இன்னும் முழுதாக நிற்காதவர்களுக்குக் கர்ப்ப வாய்ப்பு இருக்கிறது, அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஹார்மோன் சிகிச்சையை முடிக்காக மட்டும் யாரும் தருவதில்லை. உடம்பு கொதிப்பு, தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம் போன்றவற்றுக்காகத் தரும்போது சிலருக்கு முடிக்கும் கொஞ்சம் உதவலாம்.

சாப்பாட்டில் நம் பெரிய ஓட்டை புரதம். ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன அளவு, 60 கிலோ பெண்ணுக்கு 50 கிராம். காலையில் இரண்டு இட்லி சட்னி, மதியம் சோறு ரசம் பொரியல், ராத்திரி மிச்சம் இருந்தது என்று சாப்பிட்டால் பாதிகூட வராது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும்போது பருப்பு அடியில் தண்ணியாகத்தான் இருக்கும், முட்டை தீர்ந்திருக்கும். உங்களுக்கென்று ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், தயிர், மீன் என்று முதலிலேயே எடுத்து வையுங்கள். இரும்புக்கு முருங்கைக்கீரை, கொள்ளு, ஈரல் எல்லாம் நல்லது, கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் ஒட்டாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

மருந்து வேலை செய்யும் வரை வெளியே போக வேண்டுமே. நடு வகிட்டைப் பக்க வகிடாக்கினாலோ, வகிடே எடுக்காமல் தளர்வாக வாரினாலோ பாதி மறைந்துவிடும். முடியைக் கொஞ்சம் குட்டையாக வெட்டினால் கனம் குறைந்து அடர்த்தியாகத் தெரியும். ஈரத் தலையை முறுக்கி முடிச்சுப் போடாதீர்கள், ஈரத்தில் முடி சுலபமாக அறும். சவுரி வைத்துக்கொள்ள நம் பாட்டிகள் கூச்சப்பட்டதில்லை, கல்யாணமென்றால் எல்லோர் சடையிலும் இருந்தது. இப்போது உச்சியில் கிளிப் செய்கிற மாதிரியும் கிடைக்கிறது, தூவினால் வகிட்டை மறைக்கிற நார்ப்பொடியும் கிடைக்கிறது. எதையும் இறுக்கமாக மாட்டாமல், படுக்கும்போது கழற்றி வைத்தால் போதும். வேண்டாம் என்று நினைத்து அப்படியே இருப்பதும் உங்கள் இஷ்டம்.

எப்போது டாக்டரிடம் போவது? வட்டமாகப் புழுவெட்டு விழுந்தால், நெற்றியோரம் பின்வாங்கினால், புருவம் போனால், மண்டையில் சீழோ தழும்போ தெரிந்தால் உடனே. குரல் கட்டையாகி, தாடையில் கரடுமுரடாக முடி வளர்ந்து, தலைமுடி வேகமாகக் குறைந்தால் உடனே, ஏனென்றால் சினைப்பையிலோ சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலோ ஹார்மோன் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்றபடி வகிடு அகலமாகிறது என்று இரண்டு மூன்று மாதப் போட்டோவில் தெரிந்தாலே போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, தனியாரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. கடைசி மாதவிடாய் எப்போது, கடந்த ஆறு மாதத்தில் என்ன காய்ச்சல், என்ன ஆபரேஷன், என்னென்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ இப்படி இருந்ததா என்பதையும். போட்டோக்களையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் போங்கள். முந்தின நாள் எண்ணெய் வைக்காமல், டை போடாமல், தலையை அலசிவிட்டுப் போனால்தான் தோல் தெளிவாகத் தெரியும். தலையைப் பார்க்காமலேயே சீட்டு எழுத ஆரம்பித்தால், "ஒரு நிமிஷம் வகிட்டைப் பிரிச்சுப் பாத்துட்டு எழுதுங்க டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள்.